உங்களுக்குத் தெரியுமா? முன் இருக்கை பயணிக்குத்தான்!

1931-ல் முதன்முதலாகப் பறந்த டைகர் மாத் என்ற மேற்கூரையில்லாத இரட்டை இறக்கை விமானத்தில் பயணிக்குத்தான் முன் இருக்கை. விமானி பின்னால் உட்கார்ந்து ஓட்டுகிறார். காரணம் எடைக் கணக்கு. முன் இருக்கை விமானத்தின் எடை மையத்தை ஒட்டி இருப்பதால், அதில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமநிலை அதிகம் மாறுவதில்லை. அதனால்தான் தனியாகப் பறக்கும்போதும் விமானி பின் இருக்கையை விடுவதில்லை. முன்னால் இருந்தால் வழி நன்றாகத் தெரியுமே என்று கேட்கலாம். ஆனால் அங்கே மேலும் கீழும் இறக்கை, சுற்றிலும் தாங்குகம்பிகள். கீழிறக்கை தரையையே மறைத்துவிடுகிறது. பின்னால் இருப்பவருக்கும் எதிரே மூக்கு மறைக்கத்தான் செய்கிறது. தரையில் ஓடும்போது விமானத்தை இடமும் வலமுமாக வளைத்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொள்கிறார். இருவரும் பேசிக்கொள்ள அந்த நாளில் இருந்தது, தலைக்கவசத்தின் காதுப் பகுதியில் வந்து முடியும் வெறும் ரப்பர் குழாய்.