உபகாரச் சம்பளம்: பெறுவதும் காப்பதும்

எட்டாம் வகுப்பு முடியும்போது ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு சோதனைக் காலம் தொடங்குகிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையில் இலவசக் கல்விக்கு உறுதி கூறுகிறது. மத்திய அரசின் மதிய உணவுத் திட்டமும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தாராவியில் தையல் கூடத்திலோ தோல் பட்டறையிலோ கூலி வேலை செய்யும் தந்தைக்கு, "இனிப் பையனும் ஒரு கை கொடுக்கலாமே" என்ற எண்ணம் எழுவது இந்தக் கட்டத்தில்தான். அவரைக் குறை கூறிப் பயனில்லை. மாதக் கணக்கு அப்படி இருக்கிறது.

இந்த நிலையை எண்ணியே மத்திய அரசு 2008ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம் என்பது அதன் பெயர். பெயர் நீளமே, ஆனால் அதில் வரும் 'வருவாய்', 'திறன்' என்னும் இரு சொற்களுக்கும் பொருள் உண்டு. குடும்பத்தின் வருவாய் குறைவாக இருத்தல் வேண்டும். மாணவரின் திறன் மிகுதியாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் கூடிய மாணவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஆண்டுக்கு 12,000 ரூபாய் வழங்கப்படுகிறது. முன்பு 6,000 ரூபாயாக இருந்த தொகை 2017ஆம் ஆண்டில் இரு மடங்காயிற்று. நான்கு ஆண்டுகளும் தவறாமல் பெறுபவருக்கு மொத்தம் 48,000 ரூபாய் சேரும்.

இதில் சேரும் வழியை முதலில் காண்போம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. மாணவர் ஏழாம் வகுப்பில் 55 சதவிகித மதிப்பெண் பெற்று, எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் 5 சதவிகிதச் சலுகை உண்டு. பள்ளி, அரசுப் பள்ளியாகவோ, நகராட்சிப் பள்ளியாகவோ, அரசு உதவி பெறும் பள்ளியாகவோ இருத்தல் அவசியம். கேந்திரிய வித்யாலயம், நவோதயப் பள்ளி, உதவி பெறாத தனியார் பள்ளி ஆகியவற்றில் படிப்போருக்கு இடமில்லை. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்தி வருவதை நேயர்கள் அறிவார்கள். அப்பள்ளிகளின் மாணவர்கள் யாவரும் இவ்வாய்ப்புக்கு உரியவர்களே.

மகாராஷ்டிரத்தில் தேர்வை நடத்துவது புணேயில் உள்ள மாநிலத் தேர்வு மன்றம். தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 90 வினாக்கள், 90 நிமிடங்கள். முதல் தாள் மனத் திறனைச் சோதிப்பது. இரண்டாம் தாளில் அறிவியலுக்கு 35, சமூக அறிவியலுக்கு 35, கணிதத்துக்கு 20 என்று வினாக்கள் அமையும். இரு தாள்களையும் சேர்த்து 40 சதவிகிதம் பெறுதல் வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 32 சதவிகிதம் போதும். ஆயினும் இது வாயிற்படி மட்டுமே. நாடு முழுவதற்கும் ஆண்டுதோறும் ஒரு லட்சம் இடங்கள். அவற்றில் மகாராஷ்டிரத்தின் பங்கு 11,682, தமிழ்நாட்டின் பங்கு 6,695. தகுதி வரிசையில் முன் நிற்பவர்க்கே இடம் கிடைக்கும். வினாத்தாள் எந்த மொழியில் வரும் என்பதைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, அம்மொழியிலேயே பழகுதல் நன்று.

சேர்வதைப் பற்றி இவ்வளவு போதும். நிலைத்திருப்பதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்பதிலிருந்து பத்துக்கும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றாக வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவிகிதம் தேவை. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 55. ஒரே சமயத்தில் வேறோர் உபகாரச் சம்பளம் பெறலாகாது. பள்ளி மாற்றத்திலும் எச்சரிக்கை வேண்டும். எட்டாம் வகுப்பு வரை மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளையை, ஆங்கிலத்தின் மேலுள்ள ஆசையால் உதவி பெறாத பள்ளியில் சேர்த்தால், உதவித்தொகை அன்றோடு நின்றுபோகும். பதினொன்றாம் வகுப்புக்கு ஜூனியர் காலேஜ் தேடும்போதும், சேரும் பிரிவு அரசு உதவி பெறுவதுதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பத்துக்குப் பின் பாலிடெக்னிக் முதலிய டிப்ளமா படிப்புக்குச் செல்வோருக்கும் தொகை கிடையாது. அப்படிப்பு தாழ்ந்தது என்பதன்று கருத்து. இழப்பதையும் பெறுவதையும் கணக்கிட்டு முடிவு செய்யலாம்.

யாவற்றினும் முக்கியமானது, ஆண்டுதோறும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பித்துக்கொள்வது. படிவங்களை மொழிபெயர்ப்பது என் தொழிலாதலால், செம்பூரில் அண்டை வீட்டார் தத்தம் படிவங்களுடன் என்னிடம் வருவதுண்டு. ஒரு தாய் இப்படித்தான் ஒரு மாலையில் வந்தார். அவருடைய மகள் தேர்வில் வென்று முதலாண்டுத் தொகையைப் பெற்றவள். பத்தாம் வகுப்புக்கும் நல்ல மதிப்பெண்களுடன் சென்றவள். "ஒரு தடவை குடுத்தா நாலு வருசமும் தானா வரும்னுல்ல நெனச்சேன், சார்" என்றார் அவர். பதிவு செய்திருந்த கைப்பேசி எண் தந்தையுடையது. அவரோ வேலை தேடி வேறூர் சென்று எண்ணையும் மாற்றிவிட்டார். அறிவிப்பு வந்ததை எவரும் பார்க்கவில்லை. புதுப்பிக்கும் நாள் கடந்து போயிருந்தது. ஒரு முறை நின்ற உதவித்தொகை மீண்டும் தொடங்கப்படுவதில்லை என்பது விதி. அதை அத்தாய்க்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு அன்று எனக்கு வாய்த்தது. அந்தப் பெண் படிப்பில் எங்கும் தவறவில்லை.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் தேசிய மாண்புக் கழகம் என்றோர் அமைப்பு 1921ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. கல்வி, தொண்டு, தலைமை, ஒழுக்கம் ஆகிய நான்கையும் பார்த்து ஆசிரியர் குழு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. சேர்ந்த பின்னும் அந்நான்கிலும் குறையாதிருத்தல் வேண்டும். எனினும் ஒருவரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்பது அங்கு விதி. அது கௌரவத்தைத் தருவது. பணம் அதன் நோக்கமன்று. நமது திட்டமோ பசியோடும் வாடகையோடும் தொடர்புடையது. ஆனால் கெடு தவறியவரை அழைத்துக் காரணம் கேட்கும் ஏற்பாடு இதில் இல்லை. ஆகவே அக்கண்காணிப்பை நாமே மேற்கொள்ள வேண்டியவர்களாகிறோம்.

இது நம்மவர்க்குப் புதிதன்று. தென்னகத்திலிருந்து வந்து குடியேறியோரின் பிள்ளைகளுக்காக, 1932ஆம் ஆண்டில் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. அன்று பள்ளிக்கூடத்தையே கட்ட வேண்டியிருந்தது. இன்று வேண்டுவது அத்துணைப் பெரிய முயற்சியன்று. மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறந்து, ஆதாருடன் இணைத்திருத்தல். தாசில்தாரிடம் வருமானச் சான்றைக் காலத்தில் பெற்று வைத்தல். என்றும் வீட்டிலிருப்பவரின் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்தல். பள்ளி திறந்ததும் புதுப்பிக்கும் நாளைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்தல். எழுதப் படிக்க அறிந்த அயலார் ஒருவர், ஆண்டுக்கு ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கினால், தம் சாலில் உள்ள இரண்டு மூன்று பிள்ளைகளுக்கேனும் துணையாவார்.

தேர்வை எழுதுவது பிள்ளையின் கடமை. அதன் பயன் நான்கு ஆண்டும் தவறாமல் வந்து சேரும்படி பார்த்துக்கொள்வது பெரியவர்களாகிய நம்முடைய கடமை.