பண்டிகை போனாலும் பந்தலில் விளக்கு

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் எல்லாம் முடிந்தபின் டில்லியின் மூடுபனி மாலைகளில் தோட்டத்துக் கொடிப்பந்தல் களையிழந்து நிற்கும். கட்டிய சீரியல் விளக்குகளை அப்படியே விட்டுவைக்கலாமே என்று தோன்றும். விட்டுவைக்கலாம், ஆனால் வீட்டுக்குள் கட்டும் சரம் வெளியில் ஆகாது. இரவுப் பனி அதன் இணைப்புகளில் இறங்கினால் 230 வோல்ட் மின்சாரம் இரும்புப் பந்தல் முழுவதும் பாயக்கூடும். விளையாடும் குழந்தை முதலில் பிடிப்பது அந்தக் கம்பியைத்தான்.

ஐபி65 குறியிட்ட, 12 அல்லது 24 வோல்ட் எல்.இ.டி. சரமே நல்லது. அடாப்டரும் பிளக்கும் வீட்டுக்குள் இருக்கட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவசியம், மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆணி அடிக்காமல் பருத்திக் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். 10 வாட் சரம் தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 1.5 யூனிட்தான். பனி விலகும்வரை பந்தல் கவலையின்றி ஒளிரட்டும்!