ஆற்றில் ஏறும் பெருங்கப்பல்

கடற்கரையிலே அமைவதே துறைமுகத்துக்கு இயல்பு என்று கருதுவோர்க்கு ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரம் வியப்பளிக்கும். வடகடலிலிருந்து எல்பே நதி வழியாக 100 கிலோமீற்றருக்கு மேல் உள்ளே சென்றே அந்நகரை அடைதல் வேண்டும். எனினும் அந்நாட்டின் மிகப் பெரிய துறைமுகம் அதுவே. கப்பல் உள்நாட்டுக்குள் எவ்வளவு தூரம் வருகின்றதோ, அவ்வளவுக்குத் தரைவழிச் செலவு குறையும். கப்பலிலிருந்து இறங்கும் பொருள்கள் புகைவண்டியேறி மத்திய ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்கின்றன.

ஆனால், கப்பல்கள் வளர்ந்த வேகத்தில் நதி வளரவில்லை. இன்றைய மிகப் பெரிய கொள்கலன் கப்பல்கள் ஏறத்தாழ 400 மீற்றர் நீளமும் 60 மீற்றர் அகலமும் உடையன. 20 அடிக் கொள்கலன்கள் 20,000க்கு மேல் அவற்றில் அடங்கும். முழுச் சுமையுடன் அவை நீருள் ஏறக்குறைய 16 மீற்றர் அமிழும். எல்பே நதியில் அத்தகைய கப்பல் எந்நேரமும் செல்வதற்கேற்ற ஆழம் இல்லை. ஆதலால், அது சுமையைக் குறைத்துக்கொண்டு, கடலின் வற்றுப்பெருக்கைத் துணைகொண்டே வருகின்றது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெருக்கு ஓர் அலைபோல நதிமுகத்திலிருந்து மேல்நோக்கிச் செல்லும். உள்ளே வரும் கப்பல் அவ்வலையுடன் சேர்ந்தே பயணஞ் செய்யலாம். வெளியேறும் கப்பலுக்கோ அவ்வசதி இல்லை. அது அலைக்கு எதிராகச் செல்வதனால், வழியில் எங்கேனும் வற்றைச் சந்தித்தே தீரவேண்டும். எனவே, புறப்படுவதற்குரிய காலம் மிகக் குறுகியது. அதனைத் தவறவிட்டால் அடுத்த பெருக்குவரை கரையிலே காத்திருக்க வேண்டியதுதான்.

வழி தவறினால் நேர்வது யாதென்பதை 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் உலகங் கண்டது. ஹம்பேர்க்கை நோக்கி வந்த 400 மீற்றர் நீளமான "சிஎஸ்சிஎல் இந்தியன் ஓஷன்" என்னும் கப்பல், சுக்கான் செயலிழந்து நதிக்கரையோரம் தரைதட்டிற்று. எரிபொருளின் ஒரு பகுதியை இறக்கிப் பாரத்தைக் குறைத்து, உயர்ந்த பெருக்கு வருமளவும் காத்திருந்து, பல இழுவைக் கப்பல்களைக் கொண்டு ஆறாம் நாளே அதனை மீட்டனர்.

நதியை மேலும் ஆழமாக்கும் திட்டம் அதற்கு முன்பே வகுக்கப்பட்டிருந்தது. இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் அதனை எதிர்த்து வழக்காடின. உலகில் எல்பேயின் பெருக்குநீர்க் கரைகளிலன்றி வேறெங்கும் வளராத ஒரு செடியினமும் வழக்கிலே பேசப்பட்டது. 2017இல் நீதிமன்றம் திட்டத்தின் சில குறைகளைத் திருத்தப் பணித்தது. 2019இல் வேலை தொடங்கிற்று. பெருங்கப்பல்கள் ஒன்றையொன்று கடப்பதற்காக வேடல் நகரருகே கப்பல் வழி 385 மீற்றராக அகலப்படுத்தப்பட்டது. 2022இன் தொடக்கத்தில் முழு ஆழமும் பயன்பாட்டுக்கு வந்தது. பெருக்கைக் கணித்துப் புறப்படுங் கப்பல் 14.5 மீற்றர்வரை அமிழலாம் என்றாயிற்று. ஆனால், வண்டல் படிந்தமையால் அவ்வாண்டின் இறுதியிலேயே அவ்வளவை ஒரு மீற்றர்வரை குறைக்க நேர்ந்தது.

இதற்குக் காரணம் நதியின் இயல்பிலேயே உள்ளது. ஆழம் கூடக் கூட, கடல்நீர் தடையின்றி விரைந்து ஏறும். ஏறும் நீர் வேகமாகவும் இறங்கும் நீர் மெதுவாகவும் செல்வதால், உள்ளே வந்த வண்டல் முழுவதும் திரும்பிச் செல்வதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஹம்பேர்க்கில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஏறத்தாழ 2 மீற்றர் வேறுபாடே இருந்தது. இன்று அது மூன்றரை மீற்றருக்கும் அதிகம். பழைய ஆழப்படுத்தல்களும், வெள்ளநிலங்களை அடைத்த அணைகளும் இதற்குக் காரணமாயின.

ஆகவே, ஒருமுறை தோண்டியதுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. தோண்டிய ஆழத்தைக் காக்க ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். பெருங்கப்பலால் ஒரு கொள்கலனை ஏற்றிச் செல்லுஞ் செலவு குறைகின்றது என்பது உண்மையே. ஆனால், அக்கணக்கிலே நதியைத் தோண்டுஞ் செலவும், நதிவாழ் உயிர்கள் அடையும் இழப்பும் சேர்வதில்லை. அவற்றைச் செலுத்துவோர் நகர மக்களும் நதியுமேயாவர்.