காலராவின் விஷத்தைக் கண்டவர்

காலராக் கிருமியைக் கண்டுபிடித்தவர் யார் என்று வகுப்பில் கேட்டால், நாலைந்து பிள்ளைகளாவது எழுந்து, "ராபர்ட் காக்" என்று சொல்லிவிடுவார்கள். "அந்தக் கிருமி மனிதனை எவ்வாறு கொல்லுகிறது என்று கண்டவர் யார்?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் மௌனம்! பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடம் சொல்லும் நாமே வெகு காலம் அந்தப் பெயரை அறியாமல்தான் இருந்தோம்.

அவர் அந்நிய தேசத்தவர் அல்லர். வங்காளத்தில் ஹூக்ளி ஜில்லாவில் ஒரு கிராமத்தில் 1915-ஆம் வருஷம் பிறந்த டாக்டர் சம்பு நாத் டே என்பவர்.

வாந்திபேதி என்ற சொல்லைக் கேட்டாலே நம் பாட்டிமார் நடுங்குவார்கள். காலையில் நடமாடிக்கொண்டிருந்தவர் மாலைக்குள் மாண்டு போவதுண்டு. அரிசி களைந்த கழுநீரைப் போல் வயிறு கழியும். கண்கள் குழிந்து, தோல் சுருங்கி, உடம்பிலுள்ள ஜலமெல்லாம் வற்றிவிடும். இதற்குக் காரணமான கிருமியை 1854-இல் இத்தாலிய வைத்தியர் பாச்சினி பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டார். ஆனால் உலகம் அவர் சொல்லுக்குச் செவி சாய்க்கவில்லை. 1883-ஆம் வருஷக் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்த காக், வளைந்த அக்கிருமியை நோயாளிகளின் குடலிலும், அவர்கள் புழங்கிய ஒரு குளத்து ஜலத்திலும் கண்டு, இதுவே காரணம் என்று நிலைநாட்டினார்.

காரணம் தெரிந்தது, வழி தெரியவில்லை. இருந்தாலும் தடுப்பு மருந்துக்கான முயற்சி உடனே தொடங்கிவிட்டது. ருஷ்ய நாட்டில் பிறந்த ஹாப்கின் என்ற விஞ்ஞானி, 1892-இல் தாம் தயாரித்த மருந்தை முதலில் தம் உடம்பிலேயே குத்திக்கொண்டார். மறு வருஷம் இந்தியாவுக்கு வந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஊசி போட்டார். அவருடைய துணிவைப் போற்றத்தான் வேண்டும். ஆயினும் காலரா ஊசி அளித்த பாதுகாப்பு அற்பமாகவும், சில மாதங்களுக்குள் தேய்ந்துவிடுவதாகவும் இருந்தது. பிரயாணிகளிடம் காலரா ஊசிச் சான்று கேட்கும் விதியையே உலக சுகாதார ஸ்தாபனம் 1973-இல் கைவிட்டுவிட்டது.

ஊசி ஏன் அவ்வளவாகப் பயன்படவில்லை? எதிரி நிற்கும் இடம் ஒன்று, நாம் காவல் போட்ட இடம் வேறு. ஆராய்ச்சியாளர் பலரும் கிருமியைப் பிராணிகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தார்கள். பிராணிகள் செத்தன, ஆனால் பேதி காணவில்லை. டாக்டர் டே வேறு விதமாக யோசித்தார். நோய் குடலில்தானே நடக்கிறது? அங்கேயே பார்ப்போம் என்றார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். ஒரே நாளில் அந்தத் துண்டு ஜலம் நிறைந்து பலூன் போல் உப்பிற்று! இந்த ஆராய்ச்சி 1953-இல் வெளியாயிற்று.

அதோடு அவர் நிற்கவில்லை. கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்பொழுதும் குடல் உப்பிற்று. ஆகவே, கிருமி தன் உடலுக்கு வெளியே ஒரு விஷத்தைக் கக்குகிறது என்பது நிச்சயமாயிற்று. 1959-இல் 'நேச்சர்' பத்திரிகையில் இது பிரசுரமாயிற்று. பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. முயலும் நூலும் ஊசியும், சரியான ஒரு கேள்வியுந்தான்.

அந்த விஷத்தின் சூழ்ச்சியைப் பின்வந்தோர் விளக்கினார்கள். அதன் ஐந்து உறுப்புக்கள் குடலின் உயிரணுவைப் பற்றிக்கொள்ள, ஆறாவது உறுப்பு உள்ளே புகுந்து, உப்பையும் ஜலத்தையும் ஓயாமல் வெளியே கொட்டச் செய்கிறது. குடல் சுவர் அழிவதில்லை. மதகு மட்டும் திறந்துகொள்கிறது. ஆகவே இழந்த ஜலத்தை ஈடு செய்தால் நோயாளி பிழைப்பான். சர்க்கரை சேர்த்தால் குடல் உப்பையும் ஜலத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் தெரியவந்தது. 1971-இல் வங்காள தேச அகதிகள் பன்காவ் முகாமில் காலராவினால் மடிந்துகொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த ஜலத்தைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த மரணம் நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கிற்று.

தடுப்பு மருந்தும் வழி மாறிற்று. வாய் வழியாக வரும் நோய்க்கு வாய் வழியாகவே மருந்து! கொன்ற கிருமிகளைக் கொண்ட சொட்டு மருந்து, 2006-இல் கல்கத்தாவில் தொடங்கிய பெரும் பரிசோதனைக்குப் பின் 2009-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. ஐந்து வருஷம் வரையில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு அது காத்ததாகத் தெரியவந்தது. முழுக் கவசம் அல்ல. சுத்தமான குடிநீருக்கு ஈடும் அல்ல. ஆனாலும் பழைய ஊசிக்கு இது எவ்வளவோ மேல்.

இத்தனைக்கும் அடிகோலியவருக்கு நாம் செய்த மரியாதை என்ன? நோபல் பரிசு பெற்ற லெடர்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, டாக்டர் டேயின் பெயரை அப்பரிசுக்குச் சிபாரிசு செய்தார். 1978-இல் நோபல் ஸ்தாபனத்தார் காலரா பற்றிய மகாநாட்டுக்கு அவரை அழைத்தார்கள். நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்களோ, அவர் 1985-இல் கண் மூடும் வரையில் அவரை அங்கத்தினராகக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை.

போனது போகட்டும். வீட்டில் குழந்தைக்குப் பேதி கண்டு, உப்புச் சர்க்கரை ஜலம் கலக்கும்போதாவது, தாய்மார்கள் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நாமும் அந்த இரண்டாவது கேள்வியை வகுப்பில் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறோம். என்றாவது ஒரு நாள், கடைசி பெஞ்சியிலிருந்தாவது விடை வராமலா போகும்?