கோழிகள் ஏன் செத்தன?

மாலையில் எண்ணிக் கூட்டில் அடைத்தபோது பன்னிரண்டு கோழிகள் இருந்தன. விடிந்து கதவைத் திறந்தால் ஒன்பதுதான் வெளியே ஓடி வருகின்றன. மற்ற மூன்றும் காலை நீட்டிக் கிடக்கின்றன. முதல் நாள் பொழுது சாயும் வரை அவை குப்பையைக் கிளறிக்கொண்டுதான் இருந்தன. கிராமத்துப் புழக்கடையில் இந்தக் காட்சியைக் காணாத வீடு அரிது. முட்டை விற்ற காசில் நோட்டுப் புத்தகம் வாங்கும் வீடுகளில் இது சிறிய இழப்பு அன்று.

வீட்டில் தீர்ப்பும் உடனே கிடைத்துவிடும். "கண் பட்டுவிட்டது" என்பார் ஒருவர். "பூச்சி ஏதோ தீண்டியிருக்கும்" என்பார் இன்னொருவர். "பக்கத்து வீட்டுக்காரன் வேலியோரம் மருந்து வைத்துவிட்டான்" என்று மூன்றாமவர் சொல்லுவார். இந்த மூன்றாவது தீர்ப்புதான் பொல்லாதது. அதனால் இரு குடும்பங்களுக்கும் பேச்சே நின்றுபோகும். இதற்கிடையில், மிஞ்சியதையாவது காசாக்கலாம் என்று ஒன்பது கோழிகளையும் கூடையில் போட்டுச் சந்தைக்குக் கொண்டு போவார்கள். காரணம் தொற்றுநோயாக இருந்தால், அந்தக் கூடையில் நோயும் சேர்ந்தே போகிறது.

நான் இயற்பியல் கற்பிப்பவன். கோழி மருத்துவம் என் துறை அன்று. ஆனால் ஒரு நிகழ்ச்சியின் காரணத்தை அறிய வேண்டுமானால் முதலில் எதை அளக்கலாம் என்று கேட்பது எல்லா அறிவியலுக்கும் பொது. செத்த கோழி பேசாது. ஆயினும் எப்போது, எத்தனை, எங்கே, எந்த வரிசையில் செத்தன என்ற கணக்கு நன்றாகவே பேசும்.

ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடை அச்சில் நாட்களையும் செங்குத்து அச்சில் அன்றன்று இறந்த கோழிகளின் எண்ணிக்கையையும் குறியுங்கள். விஷம் தின்ற கோழிகள் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள், ஏறத்தாழ ஒன்றாகவே சாகும். வரைபடத்தில் ஒரே ஒரு கம்பம் நிற்கும். மறுநாள் ஒன்றும் இராது. அதிகம் தின்ற கோழிகளே, அதாவது கொழுத்து வலுத்தவையே, முதலில் விழும். அவற்றின் தீனிப்பை நிறைந்திருக்கும். வயலில் விதைப்பதற்காகப் பூச்சிமருந்து கலந்து வைத்த விதையோ, எலிக்கு வைத்த உணவோ அதில் இருக்கலாம். எலி மருந்தான துத்தநாகப் பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேரும்போது பூண்டு நெடியுள்ள பாஸ்பீன் வாயு உண்டாகும். அது நமக்கும் நஞ்சு. ஆகவே முகர்ந்து பார்க்கும் ஆராய்ச்சி வேண்டாம்.

தொற்றுநோயின் படம் வேறு. முதல் நாள் ஒன்று சாகும். பிறகு சில நாட்கள் அமைதி. அப்புறம் இரண்டு, நான்கு, ஐந்து என்று படம் மேடேறும். நோய்க்கிருமி ஒரு கோழியிலிருந்து அடுத்ததற்குத் தாவி, அதன் உடலில் பெருகிக் கேடு விளைவிக்கக் காலம் வேண்டுமல்லவா? வெள்ளைக்கழிச்சல் என்று நம் ஊரில் சொல்லப்படும் ராணிக்கெட் நோய்க்கு இந்த இடைக்காலம் 2 முதல் 15 நாட்கள். பெரும்பாலும் 5 அல்லது 6 நாட்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் குற்றம் சாட்டும் முன் இந்தப் படத்தை வரைந்து பார்த்தால் பல வழக்குகள் தள்ளுபடியாகிவிடும்.

கீரியும் வெருகும் வந்து போயிருந்தால் காயமும் சிதறிய இறகும் சாட்சி சொல்லும். அவற்றைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை.

காயமும் இல்லை, விஷமும் இல்லை, தொற்றும் இல்லை என்றாலும் ஒரே இரவில் நாலைந்து கோழிகள் சாவதுண்டு. இங்கேதான் என் பாடம் வருகிறது. கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 முதல் 42 டிகிரி சென்டிகிரேடு. நமக்கு அது கடும் காய்ச்சல். கோழிக்கு அது நலம். ஆனால் 46, 47 டிகிரியைத் தொட்டால் உயிர் தங்காது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. வெப்பக்கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக்கதிர்வீசல் ஆகிய மூன்று வழிகளிலும் உடற்சூடு வெளியேற வேண்டுமானால் சுற்றுப்புறம் உடலைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட கூட்டுக்குள் அந்த வேறுபாடு ஏது? எஞ்சுவது ஒரே வழி: வாயைத் திறந்து இரைத்து, தொண்டையின் ஈரத்தை ஆவியாக்குவது.

கணக்குப் போடுவோம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழி ஒன்று 6 வாட் அளவில் வெப்பம் வெளிவிடுகிறது என்று கொள்வோம். அந்த வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் தேவை. ஒரு மணிக்கு 6 × 3,600 = 21,600 ஜூல்; அதை 2,400 ஆல் வகுத்தால் 9. மணிக்கு 9 கிராம் நீரைக் கோழி ஆவியாக்கியாக வேண்டும். பன்னிரண்டு கோழிகள் அடைந்த கூடு என்பது 72 வாட் குண்டு பல்பு எரியும் பெட்டி. அத்துடன் மணிக்கு 108 கிராம் நீராவியும் அதற்குள் சேருகிறது. 35 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவியோ ஏறத்தாழ 40 கிராம்தான். அரைக் கனமீட்டர்க் கூட்டில் காற்றோட்டம் இல்லாவிட்டால் சில நிமிடங்களிலேயே காற்று தெவிட்டிவிடும். பிறகு எவ்வளவு இரைத்தாலும் நீர் ஆவியாகாது. இரைப்பதும் உழைப்பாதலால் சூடு மேலும் ஏறும். பாம்புக்கும் கீரிக்கும் பயந்து கூட்டின் சந்துகளையெல்லாம் சாக்குத் திணித்து அடைப்பவர்கள் இதை அறிய வேண்டும். இப்படிச் சாகும் கோழிகள் பெரும்பாலும் காற்று எட்டாத உள்மூலையில், நெரிசலின் நடுவில் கிடக்கும். 'எங்கே' என்ற கேள்வி இங்கே பயன்படுகிறது.

இனித் தொற்றுக்கு வருவோம். தொற்று என்று தெரிந்த பிறகும் எந்தத் தொற்று என்ற கேள்வி நிற்கிறது. இதில் பெரிய மேதைகளே இடறியதுண்டு. காரணம், கோழியின் வெளித்தோற்றம் அதிகம் உதவாது. கோழிக் காலரா என்னும் பாக்டீரியா நோயிலும் முதல் நாள் நன்றாக இருந்த கோழி மறுநாள் காலையில் செத்துக் கிடக்கும். கழுத்து திருகுதல், இறக்கை தொங்குதல், பச்சையும் வெள்ளையுமான கழிச்சல் ஆகியவை ராணிக்கெட்டைச் சுட்டும். ஆனால் தீவிர நோயில் அறிகுறி தோன்றும் முன்பே கோழி போய்விடும்.

1926ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தை அடுத்த ஒரு பண்ணையில் கோழிகள் மடமடவென்று மாண்டன. அதே ஆண்டில் ஜாவாத் தீவிலும் இதே சாவு. அக்காலத்தில் இப்படிக் கூட்டமாகச் சாவதென்றால் 'கோழிப் பிளேக்' என்பதே வழக்கமான முடிவு. டாயில் என்ற ஆராய்ச்சியாளர் அந்த முடிவோடு நிற்கவில்லை. நோயுற்ற கோழியின் திசுச் சாற்றைப் பாக்டீரியா புகமுடியாத வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீரும் நோயைக் கொடுத்தது. ஆகவே அது பாக்டீரியா அன்று, வைரஸ். கோழிப் பிளேக்கும் வைரசால் வருவதுதான், இரண்டும் ஒன்றா? கோழிப் பிளேக்கை எதிர்க்கும் சக்தி பெற்ற கோழிகளுக்குப் புதிய நோயைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை நோயுற்றன. ஒரே நோயாக இருந்தால் அவை தப்பியிருக்க வேண்டும். ஆகவே இது வேறு நோய் என்று டாயில் 1927இல் வெளியிட்டார். நுண்ணோக்கியில் காண முடியாத இரண்டு பொருள்களை வெறும் தருக்கத்தால் பிரித்துக் காட்டியது எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளுள் ஒன்று.

நம் நாட்டில் குமாவோன் மலைப்பகுதியில் உள்ள ராணிக்கெட்டில் இந்நோய் கண்டறியப்பட்டது. அருகிலிருந்த முக்தேசுவர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் எட்வர்ட்ஸ் 1928இல் இதைப் பற்றி எழுதினார். அதனால் இந்தியாவில் 'ராணிக்கெட் நோய்', மேலை நாடுகளில் 'நியூகாசில் நோய்'. (இதற்கான தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம் நம் ராணிப்பேட்டையில் இருப்பதால் மாணவர்கள் இரண்டு ஊரையும் குழப்பிக்கொள்வதுண்டு!) அந்தப் பழைய கோழிப் பிளேக் என்பது இன்புளூயன்சா வைரசின் வேலை என்று 1955இல் தெரிந்தது. இன்று நாம் பறவைக் காய்ச்சல் என்று சொல்வது அதைத்தான்.

இந்தியாவில் பறவைக் காய்ச்சல் 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாப்பூர்ப் பகுதிப் பண்ணைகளில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. அது மனிதரையும் தொற்றக்கூடியது. எனவே செத்த கோழியை வீட்டில் அறுத்துப் பார்ப்பதோ சமைப்பதோ கூடாது. காக்கைகளும் சேர்ந்து செத்துக் கிடந்தால் இரட்டை எச்சரிக்கை. கையில் உறை மாட்டி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும். உடலைப் பனிக்கட்டியின் நடுவே குளிர்ச்சியாக வைக்கலாம். ஆனால் உறைய விடக்கூடாது. நீர் உறையும்போது பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். பிறகு நோய் செய்த சேதம் எது, பனி செய்த சேதம் எது என்று பிரித்தறிவது கடினம்.

மருத்துவர் அறுத்துப் பார்க்கும்போது, அரைவைப்பைக்கு முன்னுள்ள சுரப்பு வயிற்றின் உட்புறத்தில் இரத்தப் புள்ளிகள் இருந்தால் ராணிக்கெட் என்ற ஐயம் வலுக்கும். ஆனால் பறவைக் காய்ச்சலிலும் அத்தகைய புள்ளிகள் தோன்றலாம். ஆகவே ஆய்வுக்கூடம். கருவுற்ற முட்டையில் வைரசை வளர்த்து, அந்த நீரைக் குழித்தட்டில் கோழியின் இரத்தச் சிவப்பணுக்களோடு கலப்பார்கள். வைரஸ் இல்லையென்றால் அணுக்கள் ஈர்ப்பு விசையால் சரிந்து, குழியின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டாகத் திரளும். வைரஸ் இருந்தாலோ அது அணுக்களை ஒன்றோடொன்று கோத்து வலையாக்கிவிடும். அந்த வலை குழியின் சுவரிலேயே படிந்து நிற்கும். இரண்டு வைரஸ்களும் இப்படிக் கோக்கக் கூடியவை. எனவே ராணிக்கெட்டுக்கு எதிரான சீரத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். கோப்பது நின்று பொட்டு விழுந்தால் அது ராணிக்கெட்தான். டாயில் கோழிகளில் செய்த தருக்கமே இங்கே ஒரு குழிக்குள் நடக்கிறது. இப்போது வைரசின் மரபுப் பொருளை நேராகவே கண்டறியும் பி.சி.ஆர். முறையும் உண்டு.

ராணிக்கெட்டுக்கு மருந்து இல்லை; தடுப்பு மட்டுமே உண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. எட்டு வாரமானதும் இறக்கையின் கீழ் ஊசி. இம்மருந்து உயிருள்ள வைரஸ். ஆதலால் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். பேருந்தில் இரண்டு மணி நேரம் சூட்டில் வந்த மருந்தைப் போட்டுவிட்டு, "ஊசி போட்டும் செத்துவிட்டதே" என்று வருந்துவதில் பயனில்லை. சூட்டை ஓரளவு தாங்கும் வைரஸ் வகைகளும் உள்ளன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் கிராமக் கோழிகளுக்கென்றே அத்தகைய மருந்தை ஆராய்ந்து உருவாக்கினார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தீனியாகவே கொடுக்கத்தக்க குருணை மருந்தை ஆக்கியுள்ளது. ஓடும் கோழியைத் துரத்திப் பிடித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. மே மாதம், ஒரு வீட்டில் 20 கோழிகள். முதல் நாள் விடியலில் 4 செத்துக் கிடந்தன. நான்கும் கூட்டின் உள்மூலையில். அன்றே சாக்குகளைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டாம் நாள், இழப்பை ஈடுகட்டச் சந்தையில் ஒரு சேவல் வாங்கி மந்தையோடு விட்டார்கள். மூன்றாம் நாள் அந்தச் சேவல் செத்தது. நான்கு முதல் ஏழாம் நாள் வரை சாவு இல்லை. எட்டாம் நாள் 2, ஒன்பதாம் நாள் 5. வரைபடம் வரைந்து சொல்லுங்கள்: காரணம் ஒன்றா, இரண்டா?