கைப்பேசிக்கு வரும் ஒரு செய்தி புற்றுநோயைத் தடுக்குமா?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. எனும் கிருமி. அது தொற்றிய உடனே புற்றுநோய் வந்துவிடாது. பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். மறையாமல் தங்கிவிட்டால், அது புற்றாக மாற பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். இவ்வளவு அவகாசம் இருந்தும் உயிர்கள் போகின்றன என்றால், பரிசோதனைக்குப் போகாததும், போனவர்களுக்கு முடிவு போய்ச் சேராததும் முக்கியக் காரணங்கள். கைப்பேசி நுழைவது இந்த இடத்தில்தான்.

மலாயா பல்கலைக்கழகம், ஆஸ்திரேலியாவின் வி.சி.எஸ். அறநிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய 'ரோஸ்' திட்டம் இதற்கு நல்ல உதாரணம். கிளினிக்கில் பெண் தன் கைப்பேசி எண்ணைப் பதிந்து, மறைவான இடத்தில் பஞ்சுக்குச்சியால் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கிறார். மருத்துவர் பரிசோதிக்கத் தேவையில்லை. முடிவு கைப்பேசிக்கே வந்துவிடும். கிருமி இருப்பது தெரிந்தால், குறுஞ்செய்தியோடு விட்டுவிடாமல், அடுத்த கட்டச் சிகிச்சைக்கும் வழிகாட்டுகிறார்கள்.

தோட்டப்புறத்துப் பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை. பாப் ஸ்மியர் என்றதும் "ஐயோ, வெட்கமா இருக்கு" என்று ஒதுங்கியவர்கள் நம்மிடையே அதிகம். முடிவைக் கேட்க மறுபடி பஸ் ஏறினால் அன்றைய சம்பளமும் போச்சு.

ஆனால் செய்தி அனுப்பிவிட்டால் மட்டும் போதுமா? கிள்ளான் பகுதியில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, மறுபரிசோதனைக்கு அழைக்க கடிதம், பதிவுத் தபால், குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு ஆகிய நான்கையும் ஒப்பிட்டது. அதிகம் பேரை வரவழைத்தது தொலைபேசி அழைப்புதான். ஆச்சரியமில்லை. ஒரு மனிதர் பேசும்போது "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்ற பதிலுக்கும் பதில் கிடைக்கிறது.

சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் ஈப்போ தாமான்களுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறிய பிறகு, பல அம்மாக்கள் படிவத்தில் எழுதுவது மகன் அல்லது மருமகளின் எண்ணை. எச்.பி.வி. பாலுறவு வழி பரவும் கிருமி. அந்த முடிவு மகனின் கைப்பேசியில் வந்து விழுந்தால்? கிருமி எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே தொற்றியிருக்கலாம், அது யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றல்ல என்பதை யார் விளக்குவது? சொந்த எண்ணைக் கொடுப்பது இதனால்தான் முக்கியம். மலாய் வாசிக்கச் சிரமப்படும் பாட்டிக்கு, நாலு வரி குறுஞ்செய்தியைவிட தமிழில் ஒரு நிமிடக் குரல்பதிவு மேல்.

குரல்பதிவு இன்னும் உதவக்கூடியது வாய்ப் புற்றுநோய்க்கு. மலேசியாவில் இது இந்தியர்களிடையேதான் அதிகம். வெற்றிலை பாக்கு ஒரு முக்கியக் காரணம். புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் பல் கிளினிக்குக்குப் போகணும். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட வேண்டாம். மலேசியப் புற்றுநோய் ஆய்வு மையத்தின் 'மெமோசா' செயலி இன்னும் ஒரு படி மேலே போய், வாயைப் படமெடுத்து நிபுணர் பார்வைக்கு அனுப்ப வழி செய்கிறது.

மோசடிப் பயமும் நியாயமானதே. இணைப்பு உள்ள குறுஞ்செய்திகளைத் தடுக்கும்படி 2023 மே மாதம் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உத்தரவிடப்பட்டது. 'பரிசோதனை முடிவு' என்று ஏதாவது இணைப்பு வந்தால் தட்டாமல், கிளினிக்கையே அழைத்துக் கேளுங்கள். புலனத்தில் சுற்றும் "டுரியான் பிளாண்டா இலை புற்றுநோயைக் கரைக்கும்" வகையறாக்களைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. அவற்றை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

பள்ளிகளில் 13 வயது மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி 2010-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பே அந்த வயதைக் கடந்தவர்கள், அதாவது 1997-க்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோர், அதைப் பெறவில்லை. 30 முதல் 65 வயது வரையிலான பெண்கள் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் எச்.பி.வி. பரிசோதனை பற்றி விசாரிக்கலாம். முன்பே பரிசோதனை செய்து, அதன் பிறகு கைப்பேசி எண்ணை மாற்றியிருந்தால், புது எண்ணை கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.