சொந்தமாக நூல் வெளியிடுவோர் கவனிக்க வேண்டியவை: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஐம்பது பிரதிகள் கேட்டாலும் அச்சிட்டுத் தரும் டிஜிட்டல் அச்சகங்கள் வந்துவிட்டதால், எழுத்தாளர்களே செலவு செய்து நூல் வெளியிடுவது பெருகியுள்ளது. கூடவே ஐஎஸ்பிஎன், பதிப்புரிமை, ராயல்டி குறித்த குழப்பங்களும் பெருகியுள்ளன. பரவலாக எழும் சில கேள்விகளுக்கான விளக்கங்கள்:

ஐஎஸ்பிஎன் எண்ணை யார் தருகிறார்கள்? அதற்குக் கட்டணம் எவ்வளவு?

மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இந்த 13 இலக்க எண்ணை வழங்குகிறது. கட்டணம் எதுவும் இல்லை. பதிப்பகம் மட்டுமின்றி, தனி எழுத்தாளரும் முகமையின் இணையதளத்தில் பதிவு செய்து நேரடியாக விண்ணப்பிக்கலாம். 'ஐஎஸ்பிஎன் கட்டணம்' என்று யாராவது வசூலித்தால் அது அவர்களுடைய சேவைக்கான தொகைதானே தவிர, அரசுக்குச் செலுத்தும் தொகை அல்ல.

மறுபதிப்புக்கும் மின்னூலுக்கும் அதே எண் போதுமா?

மாற்றம் எதுவும் இல்லாமல் மீண்டும் அச்சிட்டால் பழைய எண்ணே போதும். திருத்திய பதிப்பு, கெட்டி அட்டைப் பதிப்பு, மின்னூல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி எண் தேவை.

ஐஎஸ்பிஎன் பெற்றுவிட்டால் நூலை யாரும் திருட முடியாது என்கிறார்களே?

தவறான எண்ணம். ஐஎஸ்பிஎன் ஒரு நூலை அடையாளம் காண உதவும் எண் மட்டுமே. உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு எழுதப்பட்ட உடனேயே உரிமை எழுத்தாளருக்கு உண்டாகிவிடுகிறது. பதிவு கட்டாயம் இல்லை.

அப்படியானால் பதிப்புரிமையை எதற்குப் பதிவு செய்ய வேண்டும்?

வழக்கு என்று வந்தால், பதிவேட்டில் உள்ள விவரம் முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படும் என்பதே பதிவின் பயன். இலக்கியப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் ரூ.500. விண்ணப்பித்த பின், ஆட்சேபம் தெரிவிப்பதற்காக 30 நாள் காத்திருப்புக் காலம் உண்டு.

எழுத்தாளர் மறைந்த பிறகு உரிமை எத்தனை ஆண்டு நீடிக்கும்?

மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அதுவரை உரிமை வாரிசுகளுக்கு உரியது. 1954 டிசம்பரில் மறைந்த கல்கியின் நூல்களுக்கு இந்தக் கணக்கு 2014 இறுதியில்தான் முடிந்திருக்கும். ஆனால் அதற்கு முன்பே தமிழக அரசு அவற்றை நாட்டுடைமையாக்கியதால், பல பதிப்பகங்கள் வெளியிடத் தொடங்கிவிட்டன.

பதிப்பகம் எவ்வளவு ராயல்டி தர வேண்டும்?

சட்டம் எந்த அளவையும் நிர்ணயிக்கவில்லை. 10 சதவீதம் என்பது பரவலாகப் பேசப்படும் அளவு. எதில் 10 சதவீதம் என்பதில்தான் பெரும்பாலான தகராறுகள் தொடங்குகின்றன. ரூ.200 விலையுள்ள நூல் 500 பிரதி விற்றால், அட்டை விலைக் கணக்கில் எழுத்தாளருக்கு ரூ.10,000 வரும். கடைகளுக்கு 35 சதவீதக் கழிவு தந்தது போக, பதிப்பகத்துக்குக் கிடைக்கும் ரூ.130-இல் கணக்கிட்டால் அதே 500 பிரதிக்கு ரூ.6,500 மட்டுமே.

பதிப்பகத்துடன் எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லை; வாய்ப்பேச்சில் உரிமை கைமாறிவிடுமா?

கைமாறாது. உரிமையை ஒப்படைப்பது எழுத்தில் இருந்து, எழுத்தாளரின் கையொப்பமும் இருந்தால்தான் செல்லும். எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பவை அதில் இடம்பெற வேண்டும்.

கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால்?

5 ஆண்டுகள் என்றே சட்டம் கொள்ளும். நிலப்பரப்பு சொல்லப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று பொருள். ஒப்படைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பதிப்பகம் ஓர் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கூறப்படாத நிலையில், அந்த உரிமையின் ஒப்படைப்பு காலாவதியாகும். 'அனைத்து உரிமைகளும், காலவரையின்றி' என்ற ஒற்றை வரி இந்தப் பாதுகாப்புகளில் பலவற்றை இல்லாமல் ஆக்கிவிடக்கூடும் என்பதால், கையெழுத்திடும் முன் அதிகம் கவனிக்க வேண்டிய வரி அதுவே.

அச்சான நூலை அரசு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டுமா? அந்தச் சட்டம் நீக்கப்பட்டதாகச் சொல்கிறார்களே?

நீக்கப்பட்டது 1867-ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் நூல் பதிவுச் சட்டம். அதற்குப் பதிலாக 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம் பருவ இதழ்களுக்கு மட்டுமே உரியது. நூலகங்களுக்குப் பிரதி அனுப்பச் சொல்வது 1954-ஆம் ஆண்டின் வேறொரு சட்டம். அதன்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் ஆகியவற்றுக்கும் மும்பை, டெல்லியில் உள்ள தலா ஒரு நூலகத்துக்கும் ஒவ்வொரு பிரதியை வெளியிடுபவர் தம் செலவில் அனுப்ப வேண்டும். சொந்த வெளியீடு என்றால் அந்தப் பொறுப்பு எழுத்தாளருடையது.

கிண்டிலில் வெளியிட்டால் அச்சு நூலை விற்கக் கூடாதா?

விற்கலாம். 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால், 90 நாட்களுக்கு மின்வடிவத்தை வேறெங்கும் தரக் கூடாது என்பதே நிபந்தனை. அச்சுக்கு அது பொருந்தாது. ஸ்ரீலிபி, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோத்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே மின்னூலாக்க முடியும். மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறுவது உண்டு என்பதால், இன்னொரு முறை மெய்ப்புப் பார்ப்பது அவசியம்.

மதிப்புரைக்காக நூலை அஞ்சலில் அனுப்பச் சலுகை உண்டா?

அஞ்சல் துறை 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' சேவையை நடத்துகிறது. 300 கிராம் வரை ரூ.20, அதிகபட்சமாக 5 கிலோ வரை ரூ.100, வரி தனி. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கே இது பொருந்தும். விளம்பரம் உள்ள வெளியீடுகள் ஏற்கப்படுவதில்லை. அச்சகத்தார் அல்லது பதிப்பாளரின் பெயர் நூலில் இருக்க வேண்டும்.

புத்தகக் காட்சியில் தனி எழுத்தாளர் எப்படி விற்பது?

அரங்கு எடுத்துள்ள பதிப்பகத்திடமோ விற்பனையாளரிடமோ கழிவு பேசி, விற்றதற்குப் பணம் என்ற முறையில் பிரதிகளைக் கொடுப்பதே எளிய வழி. வாசகருக்கு வழக்கமாகத் தரப்படும் 10 சதவீதத் தள்ளுபடி யாருடைய பங்கிலிருந்து போகும் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ள வேண்டும். பிரதிகளின் எண்ணிக்கையைக் குறித்துக் கையொப்பமிட்ட ரசீது இல்லாவிட்டால், காட்சி முடிந்தபின் கணக்குக் கேட்க ஆதாரம் இருக்காது.

ராயல்டிக்கு வரி உண்டா?

உண்டு. ஒரு நிதியாண்டில் ராயல்டி ரூ.50,000-ஐத் தாண்டினால், பதிப்பகம் 10 சதவீதம் பிடித்தம் செய்தே வழங்கும்; 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு ரூ.30,000 ஆக இருந்தது. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்கும், இந்தியாவில் வசிக்கும் எழுத்தாளர் இலக்கிய, கலை, அறிவியல் நூல்களின் ராயல்டியில் ரூ.3 லட்சம் வரை கழிவு கோரலாம். பள்ளிப் பாடநூல்கள், வழிகாட்டி நூல்கள் ஆகியவற்றுக்கும், புதிய வரிமுறையில் இருப்போருக்கும் இந்தக் கழிவு கிடையாது.